மக்னீசியம் போட்ட மறுநாள் நத்தை எல்லாம் கவிழ்ந்து கிடக்கு: செம்பா, உப்பா, வேறு ஏதுமா?

உப்புவெளி_தொட்டி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். காலையிலிருந்து மனசு சரியில்லை. எழுத்து முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை, உப்புவெளி. 240 லீற்றர் கடல்நீர் மீன்தொட்டி. கல்லும் மணலும் போக உள்ளே 200 லீற்றர் தண்ணீர். மூன்று வருடமாக ஓடுகிறது. சொஃப்ட் கோரல் என்கிற மென்பவளம்தான் வைத்திருக்கிறேன், சுண்ணாம்புக் கூடு கட்டுகிற கல் முருகை இல்லை. க்ளவுன் இரண்டு, டாம்செல் ஒன்று, க்ளீனர் இறால் இரண்டு, நத்தை பதினாலு.

போன கிழமை மக்னீசியம் பார்த்தேன், லீற்றருக்கு 1080 மில்லிகிராம் காட்டியது, கடலில் 1300 மாதிரி இருக்கும். போத்தல் மருந்து வாங்க விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு ஊரில் ஒரு கடையில் மக்னீசியம் குளோரைடு கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். "இறால் பண்ணைக்குப் போற சாமான், நல்ல சுத்தம்" என்றார் கடைக்காரர். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது: கற்கண்டை உடைத்த மாதிரிச் செதில், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் மஞ்சள். கணக்குப் போட்டு 370 கிராம் எடுத்தேன். ஞாயிறு இரவு பாதி, திங்கள் இரவு மீதி. ஆர்ஓ மெஷினில் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லத்தான் ஊற்றினேன்.

இன்று விடிய, லைட் போட முதல் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு நத்தைகூட இல்லை. எல்லாம் மணலில் மல்லாந்து, கால் வெளியே தொங்கக் கிடந்தன. விரலால் தொட்டால் உள்ளே இழுக்கவில்லை. இறால் இரண்டும் பம்புக்குப் பின்னால், அவித்து எடுத்தது போல வெள்ளையாய். கோரல் எல்லாம் சுருங்கிவிட்டது. மீன் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன.

செம்பு டெஸ்ட் செய்தேன், பூச்சியம். அப்படியென்றால் என்னதான் கொன்றது?

கொழும்பு13 | செவ்வாய், இரவு 10.05

சொன்னால் கோபிக்க வேண்டாம். கிலோக் கணக்கில் வாங்கினால் கிலோக் கணக்கில்தான் போகும். ரீஃப், அதாவது பவளத் தொட்டிக்கென்று செய்த வெளிநாட்டு வாளி உப்பு, வெளிநாட்டுப் போத்தல், இது இரண்டையும் தவிர வேறு எதையும் தொட்டியில் காட்டக் கூடாது. அதெல்லாம் சுத்திகரித்து, சோதித்து வருவது.

பழைய_வாத்தி | செவ்வாய், இரவு 10.50

தம்பி, முதலில் 50 லீற்றர் தண்ணீர் மாற்றுங்கள். கரி இருந்தால் போடுங்கள், காற்றுக் கல்லையும் போடுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

அப்புறம் அந்தப் பூச்சியம். உங்கள் செம்புச் சோதனைக் கிட்டில் முதல் நிறம் எந்த அளவில் தொடங்குகிறது என்று அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் லீற்றருக்கு 0.05 அல்லது 0.1 மில்லிகிராம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து 0.2 வரை போடுவோம், அதைப் பார்க்கச் செய்த கிட் அது. 0.05 என்பது 50 மைக்ரோகிராம். வெளிக்கடலில் செம்பு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே. முதுகெலும்பில்லாத பிராணிகளின் குஞ்சுகளுக்குப் பத்து, இருபது மைக்ரோகிராமே ஆபத்து. ஆகவே உங்கள் கிட் சொல்லும் பூச்சியத்துக்கு "ஐம்பதுக்குக் கீழே ஏதோ" என்றுதான் பொருள். மீன் தப்பி, நத்தையும் இறாலும் போனால் எல்லாரும் செம்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அது நியாயம்தான், ஆனால் அது ஒன்றுதான் அப்படிச் செய்யும் என்றில்லை.

கொழும்புத் தம்பிக்கு ஒரு சொல். வாளி உப்புச் செய்கிறவர்களிலும் பெரும்பாலானோர் கடலை வற்றவைத்து அதைச் செய்வதில்லை. சோடியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு, சோடியம் சல்பேட், கல்சியம் குளோரைடு என்று தொழிற்சாலை மூட்டைகளை வாங்கிக் கலக்குகிறார்கள். 1990களின் பிற்பகுதியிலேயே மார்லின் அட்கின்சன், கிரெய்க் பிங்மன் என்ற இருவர் கடைகளில் விற்ற தொட்டி உப்புகளை ஆராய்ந்து, பலவற்றில் சுவடு உலோகங்கள் கடல்நீரில் இருப்பதைவிட அதிகம் என்று காட்டினார்கள். நல்ல கம்பெனி மூட்டையைச் சோதித்து வாங்கும், மற்றது வாங்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் கடல்நீருக்கு 35 கிராம் உப்பு. அந்த உப்பில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் செம்பு இருந்தால், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால், தண்ணீரில் லீற்றருக்கு 35 மைக்ரோகிராம் ஆகிவிடும். 99.99 வீதம் சுத்தம் என்று பையில் அச்சடித்த உப்பில் அதைப் போல நூறு மடங்கு அழுக்குக்கு இடம் உண்டு.

உங்கள் குழாய்த் தண்ணீர் எது? ஆர்ஓவுக்குப் பிறகு பித்தளை நட்டு, கொக்கி, வால்வு ஏதும் உண்டா?

உப்புவெளி_தொட்டி | செவ்வாய், இரவு 11.30

நன்றி சேர். 50 லீற்றர் மாற்றிவிட்டேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான், குழாயில் வருவது. ஆர்ஓ மெஷினிலிருந்து பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் பீப்பா. பித்தளை எங்கும் இல்லை. உப்பு வாளி மூன்று மாதமாக அதே வாளிதான், அதில் பிரச்சினை இருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு புதிதாகத் தொட்டிக்குள் போனது அந்தச் செதில் மட்டும்தான்.

கிட் அட்டையைப் பார்த்தேன். முதல் நிறம் 0.1. வெட்கமாக இருக்கிறது.

புதுத்தொட்டி | புதன், காலை 7.15

இடையில் ஒரு கேள்வி, சிரிக்காதீர்கள். நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது, ஆனையிறவு உப்பும் கடையில் கிடைக்கிறது. இரண்டும் கடலில் இருந்து வந்ததுதானே? வாளி உப்பு விலைக்கு ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம். உப்பள உப்பையே கரைத்தால் என்ன?

பழைய_வாத்தி | புதன், காலை 8.40

சிரிக்க மாட்டேன். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவன் இதைக் கேட்பான், அவன்தான் பெரும்பாலும் கெட்டிக்காரன்.

உப்பளம் என்பதே கடல்நீரைப் பிரித்தெடுக்கிற இடம். தண்ணீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று படியும். பிறகு ஜிப்சம். இவை முந்திய பாத்திகளிலேயே தங்கிவிடும். தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோற்றுப்பு கட்டத் தொடங்கும். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில்தான் மக்னீசியம், பொட்டாசியம், புரோமைட்டு எல்லாம் இருக்கும். அதைத் திறந்து விட்டுவிடுவார்கள். உப்பைக் குவித்து மழையில் நனைய விடுவதும், ஒட்டியிருக்கிற மிச்சக் கசப்பு வடிந்து போகத்தான். கறிக்கு அது நல்ல உப்பு. தொட்டிக்கு அது வெறும் சோடியம் குளோரைடு, கூடவே கொஞ்சம் சேறு.

கடையில் பையில் வருவது இன்னும் ஒரு படி தள்ளி. அயடின் சேர்த்த உப்பு: கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தாலும் தண்ணீரில் லீற்றருக்கு 0.7 மில்லிகிராம் அயடின் வரும். கடலில் இருப்பது 0.06. சில தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஃபெரோசயனைடு சேர்ப்பார்கள். மனிதனுக்கு அந்த அளவில் ஒன்றும் இல்லை. தொட்டி லைட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் அது மெல்ல உடையும், எனக்கு அது பிடிக்காது.

சென்னை_ரீஃப் | புதன், காலை 11.20

வணக்கம், சென்னையிலிருந்து. இங்கே நாங்கள் பலர் சொந்தமாகத்தான் கலக்கிறோம். லேப் கெமிக்கல் கடையில் ஏஆர் கிரேட், அதாவது ஆய்வகத் தரம், கேட்டு வாங்கிடுங்க, பிரச்சனையே வராது. பாட்டிலிலேயே அசுத்தங்களின் அளவு அச்சிட்டிருக்கும். ஆப்ப சோடா மட்டும் மளிகைக் கடையில். நாலு வருஷமா என் தொட்டி ஓடுது.

பழைய_வாத்தி | புதன், பகல் 12.10

போத்தலில் அச்சடித்திருப்பது உண்மை. ஆனால் அதை வாசிக்க வேண்டும், பார்த்தால் மட்டும் காணாது. அந்தப் பட்டியலில் எல்லாம் வீதத்தில் இருக்கும். "செம்பு 0.0005" என்று பார்த்ததும் பூச்சியம் மாதிரித் தெரியும். அது கிலோவுக்கு 5 மில்லிகிராம். நீங்கள் கலக்குகிற எல்லாப் போத்தலிலும் அந்த எண் இருந்து, உண்மையிலும் அந்த எல்லை வரை செம்பு இருந்தால், தொட்டியில் 175 மைக்ரோகிராம். அதுதான் மீனுக்குப் போடுகிற செம்பு மருந்தின் அளவு! எல்லை வரை இருக்கும் என்று நான் சொல்லவில்லை, பொதுவாக மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி அவ்வளவுதான்.

"உணவுத் தரம்", "மருந்துத் தரம்" என்பதும் இதே கதை. ஈயம், ஆர்செனிக் பார்ப்பார்கள், ஏனென்றால் அது மனிதனைக் கெடுக்கும். செம்பும் துத்தநாகமும் நமக்குச் சத்து, அதில் யாரும் பெரிதாகக் கண் வைப்பதில்லை. நாம் உப்பைச் சிட்டிகையாகத் தின்கிறோம். நத்தை அதற்குள்ளேயே குடியிருக்கிறது.

ஆனால் அடிப்படை உப்பு வேறு, கூட்டுகிற மருந்து வேறு. உப்புவெளித் தம்பி போட்டது 370 கிராம். அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் செம்பு இருந்தாலும் 200 லீற்றரில் லீற்றருக்கு 9 மைக்ரோகிராம்தான் வரும். ஒரே இரவில் எல்லா நத்தையும் கவிழ அது போதுமா என்று எனக்குச் சந்தேகம். மெல்லச் சேர்வதுதான் இந்த மருந்துகளின் ஆபத்து. கல் முருகை நிறைய வைத்து நாளுக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம் கல்சியம் கூட்டுகிறவர், ஒரு வருடத்தில் லீற்றருக்குப் பதின்மூன்று கிராமுக்கு மேல் கல்சியம் குளோரைடு கொட்டியிருப்பார். அதாவது மொத்த உப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர் வாங்குகிற கல்சியத்தின் சுத்தம், உப்பின் சுத்தத்துக்குச் சமமான விஷயம். இந்தத் தம்பியின் கதை அப்படி இல்லை. இது ஒரே அடி.

கிண்ணியாக்_கரை | புதன், மாலை 5.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் முன்பு ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்தில் நாலு வருடம் வேலை செய்தவன். இரண்டு விஷயம் சொல்லலாம்.

ஒன்று, செம்பு பற்றி. குஞ்சு பொரிப்பகத்தில் கடல்நீர் எடுத்ததும் குளோரின் போட்டு, தயோசல்பேட்டால் அதை முறித்து, பிறகு ஈடிடிஏ போடுவோம், லீற்றருக்கு ஐந்து பத்து மில்லிகிராம். உலோகத்தை அது கட்டிப்பிடித்துவிடும், குஞ்சுக்குப் படாது. ஆகவே பண்ணைக்கு வருகிற கெமிக்கலில் கொஞ்சம் செம்பு இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. "இறால் பண்ணைக்குப் போற சாமான்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பண்ணைக்காரர் குளத்துக்குப் போடுவார், ஏக்கர் கணக்குத் தண்ணி. 200 லீற்றருக்குப் போடுகிற ஆள் அவருக்கு வாடிக்கையாளரே இல்லை.

இரண்டாவது, மீன் மேலே வந்து மூச்சு வாங்குது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் நத்தையைப் பார்க்கிறார்கள், நான் மீனைப் பார்க்கிறேன். அமோனியா பார்த்தீர்களா? மலிவு மக்னீசியம் குளோரைடில் அமோனியம் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. நாங்கள் ஒரு முறை மூட்டை திறந்ததும் கண்டுபிடித்தோம், மாரிக்கு நனைந்த மூட்டை, வாசனையே காட்டிக் கொடுத்தது.

உப்புவெளி_தொட்டி | புதன், மாலை 6.05

காக்கா, அமோனியா பார்க்கவில்லை. மூன்று வருடத் தொட்டி, அமோனியா எங்கிருந்து வரும் என்று கிட்டையே எடுக்கவில்லை. இப்போது பார்த்தேன், தண்ணீர் மாற்றிய பிறகும் லீற்றருக்கு 0.25க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் இடையில். செதிலை நேரே சோதிக்கலாமா? ஒரு கரண்டி கரைத்து கிட்டில் விட்டேன், பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கிவிட்டது, நிறமே தெரியவில்லை.

பழைய_வாத்தி | புதன், இரவு 7.45

கிண்ணியாக்காரர் பிடித்துவிட்டார் போல. நான் செம்பையே துரத்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் கலங்கல்: அமோனியா கிட் காரத்தில் வேலை செய்கிறது. மக்னீசியம் நிறைய இருக்கிற தண்ணீரில் காரம் பட்டால் மக்னீசியம் ஐதரொட்சைட்டு வெள்ளையாகப் படியும். ஆகவே கடல்நீர் அளவுக்கு மேல் மக்னீசியம் இருக்கக் கூடாது. செதிலில் எடைக்கு 12 வீதம் மக்னீசியம். 10.8 கிராம் செதிலை ஒரு லீற்றர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் 1300 வரும். அதிலிருந்து தொடங்குங்கள். நிறம் அட்டைக்கு மேலே போனால் ஒரு பங்குக்கு நாலு பங்கு ஆர்ஓ சேர்த்து மறுபடி பாருங்கள், வருவதை ஐந்தால் பெருக்குங்கள். ஆர்ஓ தண்ணீரைத் தனியாகவும் ஒரு தடவை சோதிக்க மறக்க வேண்டாம்.

கிட்டை நம்பாதவருக்குக் குசினியிலேயே இன்னொரு வழி. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இரண்டு தேக்கரண்டி செதில். வெற்றிலைச் சுண்ணாம்பு அதே அளவு. சுண்ணாம்பில் கஞ்சத்தனம் வேண்டாம், மக்னீசியமே பாதியைத் தின்றுவிடும். கொஞ்சம் தண்ணீர். செவ்வரத்தம் பூவை வெள்ளைக் கடதாசியில் தேய்த்து, அந்தத் துண்டை நனைத்து மூடிக்குக் கீழே ஒட்டுங்கள், குழம்பில் படாமல். மூடிக் கால் மணி நேரம் விடுங்கள். அமோனியம் இருந்தால் சுண்ணாம்பு அதை வாயுவாக வெளியே தள்ளும், கடதாசி பச்சையாகும். உயர்தர வகுப்பில் சிவப்புப் பாசிச்சாயத் தாளில் செய்கிற அதே சோதனைதான். மூக்கை நேரே வைக்க வேண்டாம், கையால் விசிறிப் பாருங்கள்.

உப்புவெளி_தொட்டி | வியாழன், இரவு 8.20

செய்தேன். படம் போட்டிருக்கிறேன்.

செவ்வரத்தம் பூ அடுத்த வீட்டு வேலியில். ஆச்சி "சாமிக்கா தம்பி?" என்று கேட்டார், "ஓம்" என்றேன். கடதாசி முதலில் கத்தரிப்பூ நிறம். ஐந்து நிமிடத்தில் ஓரம் நீலமாகியது, பத்து நிமிடத்தில் நடுவரைக்கும் பச்சை. மூடியைத் திறந்ததும் பழைய மாட்டுக் கொட்டில் வாசனை. பக்கத்தில் வெறும் சுண்ணாம்பும் தண்ணீரும் வைத்த போத்தலில் கடதாசி அப்படியே இருந்தது.

கிட்: 10.8 கிராம் கரைசல் கடும் பச்சை, அட்டையில் இல்லாத பச்சை. ஐந்தில் ஒன்றாக்கியதும் 2 காட்டியது. அப்படியானால் 10. வெறும் ஆர்ஓ தண்ணீர் மஞ்சள், பூச்சியம்.

பழைய_வாத்தி | வியாழன், இரவு 8.55

10.8 கிராமில் 10 மில்லிகிராம். ஒரு கிராம் செதிலில் 0.93. நீங்கள் போட்ட 370 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் அமோனியா. 200 லீற்றரால் பிரித்தால் 1.7. இரண்டு நாளில் போட்டதால் முதற் பாதியைப் பக்டீரியா கொஞ்சம் தின்றிருக்கும், ஆனாலும் செவ்வாய் விடிய ஒன்றுக்கு மேலே நின்றிருக்கும். தொட்டியின் பிஎச் 8.2 என்றால் அதில் நூறில் ஏழு பங்கு மாதிரி நச்சு வடிவில் இருக்கும். இறாலுக்கும் நத்தைக்கும் காணும்.

செதில் 99.9 வீதம் சுத்தம். மிச்சமிருந்த அந்தப் பத்தில் ஒரு வீதம்தான் இந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

கொழும்பு13 | வியாழன், இரவு 9.30

சரி, ஒத்துக்கொள்கிறேன், கிட் கையில் இருந்தால் பிடிக்கலாம். ஆனாலும் இத்தனை பாடுபடாமல் ஐசிபி என்கிற லேப் சோதனைக்கு அனுப்பியிருக்கலாமே? நாற்பது மூலகம் ஒரே காகிதத்தில் வரும்.

பழைய_வாத்தி | வியாழன், இரவு 9.50

அனுப்பலாம். காகிதம் வரும்போது எல்லாம் நல்லபடியாக இருக்கும், ஏனென்றால் ஐசிபி மூலகத்தைத்தான் பார்க்கும். அமோனியா அதில் வராது. நைத்திரேற்றும் வராது. செம்பு, அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம் தேட அது நல்ல கருவிதான். ஆனால் செம்பு கரைந்து நச்சாக நிற்கிறதா, கரிமப் பொருளோடு ஒட்டிச் சாதுவாக நிற்கிறதா என்று அதுவும் சொல்லாது. இரண்டுக்கும் ஒரே எண்தான்.

அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம். சொஃப்ட் கோரல் தொட்டியில், ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிற தொட்டியில், மக்னீசியம் 1080க்கு ஏன் இறங்கியது? அது கல்சியம் மாதிரி வேகமாகக் குறைகிற சாமான் இல்லையே.

கிண்ணியாக்_கரை | வியாழன், இரவு 10.10

நானும் அதைத்தான் யோசித்தேன். கிட் எத்தனை வருடம்?

புதுத்தொட்டி | வெள்ளி, காலை 6.50

இன்னொரு கேள்வி. வெற்றிலைச் சுண்ணாம்பு என்று சேர் எழுதியதால் கேட்கிறேன். கல்சியம் கூட்டத் தொட்டிக்கு ஊற்றுகிற கல்க்வாசர் என்று சொல்வது சுண்ணாம்புத் தண்ணீர்தானே? கடைச் சுண்ணாம்பைப் போட்டால் அதிலும் அழுக்கு வருமா?

பழைய_வாத்தி | வெள்ளி, காலை 9.15

வரும், ஆனால் சுண்ணாம்பு தன் அழுக்கைத் தானே பிடித்து வைக்கும். எனக்குப் பிடித்த சாமான் அது. ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் கரையும், பிஎச் பன்னிரண்டைத் தாண்டும். அந்தக் காரத்தில் மக்னீசியமும் பல உலோகங்களும் கரைந்து நிற்க முடியாமல் அடியில் படியும். ஒரு இரவு தெளிய விட்டு, மேலே உள்ள தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்தால் ஓரளவு சுத்தம் உங்களுக்கு இனாம். அடிவண்டலைக் கலக்கி ஊற்றுகிறவன்தான் மாட்டுவான். நானும் ஒருமுறை "வீணாகப் போகக் கூடாது" என்று வண்டலோடு ஊற்றி ஒரு அனிமோனைக் கொன்றிருக்கிறேன்.

அலுமினியம் இதற்கு விலக்கு, அது காரத்திலும் கரையும். மலைநாட்டுச் சுண்ணாம்பில் டொலமைட் இருக்கும், அதன் மக்னீசியம் வண்டலாகவே நிற்கும், உங்களுக்குக் கிடைக்காது. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பில் நீலம் கலந்திருப்பார்கள், அதைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு என்று யாராவது பெருமையாகத் தந்தால் வாங்காதீர்கள், அந்தக் கல்லை உடைப்பதே குற்றம்.

சல்லிக்கரை | வெள்ளி, பகல் 1.40

நான் தொட்டிக்காரன் இல்லை, மச்சான் இந்த இழையைக் காட்டினான். எனக்கு விளங்காதது ஒன்று. கடலுக்கு ஐந்நூறு மீற்றர் தள்ளி இருந்துகொண்டு, பவுடர் வாங்கிக் கரைத்துக் கடல் செய்கிறீர்களே?

பழைய_வாத்தி | வெள்ளி, பகல் 2.05

ஹா ஹா. அதைத்தான் நாற்பது வருடமாக என் மனைவியும் கேட்கிறார்.

ஆனால் தம்பி, எந்தக் கடல், எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். உள்துறைமுகத்தில் அள்ளினால் கப்பல் அடிப் பெயின்ட் இருக்கிறது. அந்தப் பெயின்ட்டே சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமல் கொல்லத்தான், அதற்குச் செம்பு போடுகிறார்கள். அதே வேலைக்குப் போட்ட டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீய மருந்து 2008 இல் உலகமெங்கும் தடையான பிறகு செம்புதான் முக்கிய மருந்து. படகு கட்டுகிற இடத்தில் அள்ளிய தண்ணீரை விட மோசமான வாளி உப்பு கிடையாது.

சல்லிக்கரை | வெள்ளி, பகல் 2.30

துறைமுகத்தில் யார் அள்ளச் சொன்னது? இப்ப கச்சான் காற்றுக் காலம், மழை இல்லை, வெளியில் தண்ணி கண்ணாடி. கார்த்திகை மார்கழியில் கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்பேன், அப்ப மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் கொட்டுகிற தண்ணியில் கடலே பால் தேத்தண்ணி. இப்ப நாலு கிலோமீற்றர் ஓடினால் கருநீலம். நமக்கு ஆழம் கிட்டத்தானே.

புறாமலைத் தீவுப் பக்கம் வர மாட்டேன். அது 2003 முதல் தேசியப் பூங்கா, தண்ணி அள்ளினாலும் கல் எடுக்க வந்தான் என்பார்கள்.

உப்புவெளி_தொட்டி | வெள்ளி, பகல் 2.45

அண்ணே, நாளைக்குப் போவீர்களா? எனக்கு ஒரு கான் காணும்.

உப்புவெளி_தொட்டி | ஞாயிறு, காலை 11.00

சல்லி அண்ணன் நேற்று 20 லீற்றர் கொண்டுவந்து தந்தார், காசு வாங்கவில்லை. பழைய துணியை நாலாய் மடித்து வடித்தேன், அடியில் ஒன்றுமே இல்லை.

உப்புச் செறிவுமானியில் 34. அமோனியா பூச்சியம். பிறகு சேர் கேட்ட கேள்வியை வைத்து, அந்தக் கடல்நீரிலேயே மக்னீசியம் கிட்டைப் போட்டேன்.

1060 காட்டியது. மூன்று தடவை செய்தேன். 1060, 1075, 1060.

பழைய_வாத்தி | ஞாயிறு, காலை 11.20

34க்கு 1250 இருக்க வேண்டும். வெளிக்கடலில் கடல் உப்புகளின் விகிதம் மாறாது, செறிவு மட்டும்தான் ஏறி இறங்கும். ஆகவே கிட் 190 குறைத்துச் சொல்கிறது. உங்கள் தொட்டி 1080 இல்லை, 1270.

உப்புவெளி_தொட்டி | ஞாயிறு, காலை 11.25

அப்படியென்றால் மக்னீசியமே போட்டிருக்கத் தேவையில்லை.

பழைய_வாத்தி | ஞாயிறு, காலை 11.26

ஓம்.

கொழும்பு13 | ஞாயிறு, பகல் 12.15

கிட் காலாவதித் திகதி?

உப்புவெளி_தொட்டி | ஞாயிறு, பகல் 12.40

பெட்டியில் அழிந்துவிட்டது. குசினி யன்னலோரம் வெயிலில் வைத்திருந்தேன். 2022 நெருக்கடி நேரம் வாங்கியது, பிறகு வராது என்று பயந்து இரண்டு பெட்டி சேர்த்து. மற்றப் பெட்டியும் அதே எண்தான் தருகிறது, இப்போதுதான் பார்த்தேன்.

சென்னை_ரீஃப் | ஞாயிறு, மாலை 4.00

நான் இங்கே என் ஏஆர் பாட்டில்களை எல்லாம் சுண்ணாம்போடு போட்டுப் பார்த்தேன். மக்னீசியத்தில் ஒன்றும் இல்லை, பேப்பர் மாறவே இல்லை. ஆனா லேபிளை முதல் தடவையா முழுசா வாசிச்சேன். கால்சியம் குளோரைடில் செம்புன்னு ஒரு வரியே இல்லை. "கன உலோகங்கள், ஈயமாகக் கணக்கிட்டு" என்று ஒரே வரி. இத்தனை வருஷம் எதைப் பார்த்து நம்பினேன்னு தெரியல.

கிண்ணியாக்_கரை | ஞாயிறு, மாலை 5.10

மிச்சச் செதிலை என்ன செய்தீர்கள் தம்பி? கடலுக்குள் கொட்ட வேண்டாம்.

உப்புவெளி_தொட்டி | ஞாயிறு, இரவு 8.30

இல்லை காக்கா. கட்டி, பெயர் எழுதி மேலே வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் செவ்வரத்தம் பூவோடு காட்டலாம் என்று இருக்கிறேன், சண்டைக்கு இல்லை. அவருக்கும் தெரியாதுதானே.

நத்தையில் மூன்று எழும்பி நகர்கின்றன. கோரல் பாதி விரிந்தது. தொட்டி அமோனியா பூச்சியம். இரண்டு கிழமைக்கு எதுவும் போடப் போவதில்லை, கடல்நீர் மாற்றுவது மட்டும். சல்லி அண்ணே, அடுத்த முறை ஆறு கான் கிடைக்குமா? இந்த முறை காசு வாங்க வேண்டும்.

சல்லிக்கரை | ஞாயிறு, இரவு 9.15

புதன் விடிய நாலரைக்குக் கரைக்கு வாங்க, வள்ளம் தள்ள ஆள் காணாது. தள்ளினால் காசு வேண்டாம். கான் எண்ணெய்க் கானாக இருக்கக் கூடாது, சவர்க்காரம் போட்டும் கழுவ வேண்டாம். மூடி இரும்பு மூடி என்றால் மாற்றிக்கொண்டு வாங்க.